பெஞ்சின் கடைசியில் நான்

என் வலது கையும் வாயும் ஒரே காலையில் போயின. எண்பதுகளின் நடுவில், கேழ்வரகு அறுப்பு முடிந்த சமயம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. கை நாளாக நாளாகப் பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே முழுசாக இருக்கும். வாயைத் திறந்தால் வேறு ஏதோ சத்தம் விழும். அந்தச் சத்தத்தை அடுத்தவர் காதில் போட எனக்கு இஷ்டமில்லை. நாலு பேர் நடுவில் நியாயம் பேசிய வாய் அது. மூடிக்கொண்டேன்.

பேச்சு போனவளுக்குக் காதும் போய்விட்டதாக ஊரில் நினைத்துக்கொண்டார்கள். என் எதிரிலேயே, "பாவம், இனி எங்க" என்பார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். அவர்கூடச் சோறு வேண்டுமென்றால் தட்டைத் தொட்டுக் காட்ட ஆரம்பித்தார். அவர் வாய் நன்றாகத்தான் இருந்தது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்பத்திரிக்குப் பேச்சு வர வைக்கிற டீச்சர் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, நாத்தனார் என்னை மொரப்பூரில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள். வாரத்தில் இரண்டு நாள் போனோம்.

டீச்சர் மெட்ராஸ் பெண். படிப்பை முடித்த கையோடு இங்கே வந்திருந்தாள். அவள் அறையில் ஒரு பெரிய கண்ணாடியும், படம் ஒட்டிய அட்டைகள் நிறைந்த ஓர் அலமாரியும் இருந்தன. கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாள்.

முதல் நாள் என் பேரைக் கேட்டாள். பாதி வந்தது. ஊரைக் கேட்டாள். அதுவும் பாதி. "உங்க வீட்டுக்காரர் பேரு?" என்றாள். நான் வாயை மூடித் தரையைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் கட்டினவர் பேரைப் பெண்கள் சொல்வதில்லை. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் அதில் மாற்றம் கிடையாது. அவருக்கு வைத்திருந்தது ஒரு புனிதரின் பேர். வீட்டில் புனிதர்களின் பேரை வரிசையாகச் சொல்லி வேண்டுகிற மன்றாட்டு மாலையை நான்தான் சொல்லிக்கொண்டு போவேன். அந்தப் புனிதரின் இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். நாத்தனார் அந்த ஒரு பேரை மட்டும் சொல்வாள். பிறகு நான் தொடர்வேன். பேச்சு இருந்திருந்தால் "வெளிய உக்காந்திருக்கறவளக் கேளுங்க" என்று டீச்சரிடம் சொல்லியிருப்பேன். அந்தப் பேச்சுதானே இல்லை.

"பரவால்லங்க, மெதுவா. இந்தப் பேரு ஒண்ணு வந்துட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வந்துடும்" என்றாள் டீச்சர். ஒவ்வொரு தடவையும் அதிலிருந்தே ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு என்னைத் தள்ளிப்போட ஆரம்பித்தாள்.

திக்குகிற பிள்ளைகள், காது கேளாத பிள்ளைகள் எல்லாரையும் முதலில் கூப்பிடுவாள். நான் பெஞ்சின் கடைசியில். கதவு திறந்தே இருக்கும். பிள்ளைகள் போன பிறகு கண்ணாடியைத் துடைப்பாள். துடைத்ததையே மறுபடியும் துடைப்பாள். பறவை தனி, பழம் தனி என்று அட்டைகளைப் பிரிப்பாள். பிரித்ததைக் கலைத்து அடுக்குவாள். பென்சில் சீவுவாள். தப்பித்தவறி என்னைப் பார்த்துவிட்டால் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொள்வாள். பஸ் நேரம் வந்ததும், "அடுத்த தடவை உங்களத்தாங்க மொதல்ல பாப்பேன்" என்பாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கல்லுக் காட்டை எந்த முனையில் உழ ஆரம்பிப்பது என்று தெரியாதவன் கலப்பையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பான். அப்படித்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது. மத்தியானம் ஜன்னலைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிடுவாள். பேச்சு இருந்தும் பேச ஆளில்லை அவளுக்கு. ஆனால் காய்கிற நிலம் என்னுடையது அல்லவா.

ஒரு நாள் நாத்தனார் பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போனாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, அந்தக் கண்ணாடி தேஞ்சே போயிடும் போல இருக்குதுங்க."

டீச்சர் துணியைக் கீழே வைத்தாள். "அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் அடுத்த வாரம்னா, வூட்ல மாட்ட ஆருங்க பாக்கறது? வராதுன்னா வராதுன்னு சொல்லிப்புடுங்க. வேதக்காரின்னு பாக்காம தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு முழுக்குப் போட வெச்சுடறேன்."

"எனக்கே தெரியலங்கம்மா" என்றாள் டீச்சர். குரல் இறங்கிவிட்டது. "பிள்ளைங்கன்னா செய்வேன். இவங்கள நெனச்சாலே கை ஓட மாட்டேங்குது. எத்தனை தடவை கேட்டுட்டேன். கட்டின புருஷன் பேரே ஞாபகம் வரல."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"எங்க அண்ணி வாய் நல்லா இருந்தப்பவே அந்தப் பேரச் சொன்னதில்லீங்க. நீங்க அதுலயே நின்னீங்கன்னா நாங்க சாகற வரைக்கும் பஸ்ஸுக்குத்தான் அழுவணும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு.

டீச்சர் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தாள். "இனி நீங்கதான் மொதல்ல" என்றாள்.

"அதத்தான் எப்பவும் சொல்றீங்க" என்று நாத்தனார் கையை நீட்டினாள். "அலமாரி சாவியக் குடுங்க."

அன்றிலிருந்து நாங்கள் போய் இறங்கியதும் சாவி நாத்தனாரின் முந்தானை முடிச்சுக்குப் போய்விடும். என் முறை முடிந்த பிறகுதான் திரும்பும். "ஒரே ஒரு அட்டைங்கம்மா" என்று டீச்சர் கேட்டுப் பார்த்தாள். "அண்ணி இருக்குது, நீங்க இருக்கறீங்க. அட்டை எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் பழக்கம் சீக்கிரம் விடுமா? டீச்சரின் கை தானாக அலமாரிக் கதவுக்குப் போகும். இழுத்துப் பார்க்கும். பூட்டியிருக்கும். பெருமூச்சு விட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்காருவாள். உட்கார்ந்துவிட்டால் நன்றாகச் செய்தாள். உட்காருவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

எண்ணச் சொன்னாள். ஒன்று என்பதே எனக்கு வரவில்லை. வெளியிலிருந்து நாத்தனார், "களத்துல ஒண்ணுன்னு எடுக்க மாட்டோமுங்க. மொதப் படிய லாபம்னுதான் சொல்லுவோம்" என்றாள். டீச்சர் ஆஸ்பத்திரி சமையல்கட்டிலிருந்து ஒரு படியும் கேழ்வரகும் வாங்கிவந்து, படியை என் இடது கையில் கொடுத்தாள். அள்ளிக் கொட்டினேன். "லாபம்" என்று விழுந்தது, முழுசாக. அடுத்த படிக்கு "ரெண்டு". கை முன்னால் போக, வாய் பின்னால் வந்தது.

சில நாள் கழித்து நாங்கள் போனபோது என் முக்காலி கண்ணாடிக்கு எதிரில் தயாராகக் கிடந்தது. டீச்சர் அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். நாத்தனார் சாவியைக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தட்டைத் தொடுவதற்கு முன்னால், "சோறு போடட்டுங்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் குழறித்தான் வந்தது. அவர் என்னையே பார்த்தார். "போடு" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டார். சோறு ஆறின பிறகுதான் வந்தார்.

டீச்சர் கல்யாணமாகி ஊருக்குப் போகிற சமயம், "இப்பவாவது அந்தப் பேரச் சொல்லுங்களேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"கேக்கறதுல கெட்டிக்காரிதான்" என்றேன். நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரி, தெளிவாக.

என் வீட்டுக்காரர் போய்விட்டார். அதற்குப் பிறகு நாத்தனாரும் போய்விட்டாள். இப்போது வீட்டில் நான் ஒருத்தி. விளக்கு வைத்ததும் மன்றாட்டு மாலை சொல்கிறேன். எல்லாப் பேரும் சுத்தமாக வருகிறது. அந்த இடம் வந்ததும் நிறுத்துகிறேன். நாத்தனார் சொல்லி முடிக்கிற அளவுக்குக் காத்திருக்கிறேன். பிறகு அடுத்த புனிதருக்குப் போகிறேன்.