கச்சிமுகம்மதுப் போடியாரும் இரண்டு பாங்கும்

சாத்திரம் பார்ப்பது ஹறாம் என்று பெரிய பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களில் மேசையில் அடித்துப் பேசுகிறவர் வயல்காரர் கச்சிமுகம்மதுப் போடியார். அடித்த கையின் சூடு ஆறுமுன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போய்விடுவார். கேட்டால் விதைநெல் பார்க்கப் போகிறாராம். வயல் விதைத்துப் பயிர் முழங்கால் உயரம் வந்த பிறகும் விதைநெல் தேடி அலைந்த போடியார் கல்முனைப் பக்கத்தில் அவர் ஒருவர்தான்.

பாண்டிருப்பில் இருந்தவர் சாத்திரியார் நல்லரெத்தினம். முன்பு சங்கக்கடை மனேச்சர். என்ன காரணத்தாலோ வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். சீனி நிறுத்த கை இப்போது கிரகங்களை நிறுத்தது. நிறுவையில் பெரிய மாற்றம் இல்லை.

போடியாரின் கவலை மகள் நதீரா. எழுபத்தெட்டில் சூறாவளி அடித்த அடுத்த வருடம் அவளைக் கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை நிந்தவூர் ஜவுபர், கணக்கு வாத்தியார். ஊர் வழக்கப்படி மகளுக்கு வீடு கட்டி, மாப்பிள்ளையைக் கொண்டுவந்து அதில் இருத்தியாயிற்று. எண்பத்துமூன்று பிறந்தும் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை. மகளை இவனோடு இருக்கவிடுவதா, தலாக்கு வாங்கி வேறொருவனுக்குக் கட்டிக் கொடுப்பதா? மகளிடம் கேட்கலாம் என்ற யோசனை அவருக்கு வரவில்லை. நல்லரெத்தினத்திடம் கேட்டார்.

"மகள் பிறந்த நேரம் என்ன போடியார்?"

"பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லக்குள்ள."

"நிமிசம் சரியா வேணும். ராசிய ஒன்பதா உடைச்சா நவாம்சம், அது கலியாணத்துக்கு. ஏழா உடைச்சா சப்தாம்சம், அது பிள்ளைக்கு. கால்மணித்தியாலம் அங்கால இஞ்சால போனாப் பிள்ளைட கட்டமே வேற. எந்தப் பள்ளிப் பாங்கு?"

"இதென்ன கேள்வி? பெரிய பள்ளிதான்."

சாத்திரியார் முதலில் ராசிக் கட்டம் போட்டார். அதில் நதீராவுக்கு ஒரு குறையுமில்லை. குறையில்லாத சாதகத்தை எந்தச் சாத்திரியார் சும்மா திருப்பிக் கொடுத்திருக்கிறார்? ஒன்பதாக உடைத்தார்; லேசாகக் கீறல் தெரிந்தது. ஏழாக உடைத்தார், அகப்பட்டுக்கொண்டது.

"ஐஞ்சாம் வீட்டச் சனி பாத்துக்கொண்டிருக்கான். இந்த மாப்பிள்ளையால பிள்ளை இல்ல. ரெண்டாம் கலியாணத்தில ரெண்டு ஆம்பிளைப் பிள்ளை."

சனி பார்த்தானோ இல்லையோ, அன்று முதல் போடியார் மருமகனைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. மாப்பிள்ளையின் சோற்றுக் கோப்பைக்குப் போய்க்கொண்டிருந்த பாரைமீன் தலை மாமனார் கோப்பைக்குத் திரும்பியது. ஜவுபர் வாலைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

"வாற கிழமை காதியாரிட்டப் போறம்," என்று போடியார் ஒருநாள் பகல் வீட்டில் அறிவித்தார். "மாப்பிள்ளை தலாக்குச் சொல்லிப்போட்டுப் போகட்டும்."

மனைவி ஹாஜறா அடுப்படியில் இருந்து அகப்பையோடு வந்தாள்.

"சாத்திரியாரிட்ட எந்தப் பாங்கெண்டு சொன்ன நீங்க?"

"எந்தச் சாத்திரியார்?"

"விதைநெல் விக்கிற சாத்திரியார்."

போடியார் தொண்டையைச் செருமினார். "பெரிய பள்ளிப் பாங்கு."

"என்ட றப்பே! பெரிய பள்ளியில சொல்லி முடிச்சு, மருத்துவிச்சி ஒரு வாய் வெத்திலையும் போட்டுத் துப்பின பிறகுதான் புள்ள பிறந்த. அது புதுப்பள்ளிப் பாங்கு."

"அதெல்லாம் ஒரு பள்ளியா கா? அங்க சொல்றது பாங்கா?"

"அந்தப் பள்ளிட முதல் பாங்கச் சொல்ல விடமாட்டன் எண்டு பொல்லோட போய் நிண்டதே நீங்கதானே! புள்ள பிறந்த செய்தி அந்த வாசல்லதானே உங்களுக்கு வந்த."

கந்தூரி விருந்தில் முதல் சகன் தட்டுச் சோறு யாருக்கு வைப்பது என்ற சண்டையில் பிரிந்தது புதுப்பள்ளி. அங்கே எழுவது பாங்கே அல்ல என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிவந்தவர் போடியார். அவர் காதில் விழாத ஒரு சத்தத்துக்கு அவர் மகள் எப்படிப் பிறப்பாள்?

ஆனாலும் அடுத்த நாள் பாண்டிருப்புக்குப் போனார். ஒரு பேச்சுக்காகக் கால்மணி நேரம் தள்ளிப் பார்க்கச் சொன்னார். நல்லரெத்தினம் கட்டத்தை அழித்துப் புதிதாகப் போட்டார்.

"சனி விலகிற்றான். இதே மாப்பிள்ளையால ரெண்டு பிள்ளை, ரெண்டும் ஆம்பிளை. எந்தப் பாங்கெண்டு நீங்களே யோசிச்சு முடிவு சொல்லுங்க போடியார். கிரகத்துக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல."

போடியார் சைக்கிளில் ஏறாமல் அதை உருட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பேரப்பிள்ளைகள் வேண்டுமென்றால் புதுப்பள்ளியில் சொன்னது பாங்குதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கல்முனைச் சந்தையடிவரை பேரப்பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். சந்தை தாண்டியதும் பெரிய பள்ளி மனாரா தெரிந்தது. பேரப்பிள்ளைகள் மறைந்துவிட்டார்கள்.

"பெரிய பள்ளிதான்," என்றார் வீட்டு வாசலில் நின்று. "காதியாரிட்ட நாள் கேட்டாச்சு."

மறுநாள் விடிய அவர் சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது வாசலில் ஒரு தகரப் பெட்டியும் சுருட்டிய பாயும் இருந்தன. நதீரா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்க வெளிக்கிட்ட?"

"நிந்தவூருக்கு வாப்பா. மாமிட வீட்டுக்கு."

"பொம்புளைப் புள்ள வாப்பா கட்டித் தந்த வீட்ட விட்டுப்போட்டு மாமிட வீட்டில போய்க் குடியிருக்கிறயா? ஊர் காறித் துப்பும்!"

"எந்த ஊர் வாப்பா துப்பும்? பெரிய பள்ளி ஊரா, புதுப்பள்ளி ஊரா?"

போடியார் பொல்லைத் தேடுபவர்போல அக்கம்பக்கம் பார்த்தார். இம்முறை யாரைத் தடுப்பது என்று அவருக்கே விளங்கவில்லை. ஹாஜறா மகளின் கையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தை வைத்து, "போய்ட்டு வாங்க கிளி," என்றாள். ஜவுபர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். "வாறம் மாமா," என்றார். நாலு வருடத்தில் மாமனாரிடம் அவர் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

காதியார் தந்த நாளில் போடியார் தனியாகக் காதி நீதிமன்றத்துக்குப் போய் வாங்குப் பலகையில் குந்தியிருந்துவிட்டு வந்தார். விட்டுவிட ஒரு மாப்பிள்ளையும் இல்லை, விடுபட ஒரு பெண்ணும் இல்லை. பெரிய பள்ளியின் மானம் மட்டும் பழுதில்லாமல் காப்பாற்றப்பட்டிருந்தது.

நதீராவுக்குப் பிள்ளை கிடைத்ததா என்று கேட்கிறவர்கள் பாண்டிருப்புக்குப் போகலாம். கிடைத்தது என்றாலும் இல்லை என்றாலும், அதை முன்பே சொன்ன ஒரு கட்டம் நல்லரெத்தினத்திடம் இருக்கும்.