பதினெட்டாம் அத்தியாயத்து எறும்பு

பத்மாவதி அக்கா தவறிப்போன செய்தி அக்காவின் எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. காலை பூஜைக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தேன். போனில் "அம்மா போயிட்டாங்க" என்று ஒரே வரி. உங்களுக்குத் தெரியும், எழுதிக்கொண்டிருக்கும் கதையிலிருந்து ஒரு வரியை முன்பின் சொல்லாமல் அனுப்பிவிடுவது அக்காவின் பழக்கம். ஒருநாள் "கேட்டைப் பூட்டு, தெருமுனைக்கு வந்துட்டாங்க" என்று அனுப்ப, நான் ஓடிப்போய்ப் பூட்டியே விட்டேன். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று "எத்தனையாவது அத்தியாயம்?" என்று பதில் போட்டுவிட்டு மறுபடி நாரைக் கையில் எடுத்தேன். மூன்று வாரமாக அவர் சென்னையில் மகள் வீட்டில் படுக்கையில் இருக்கிறார் என்று தெரிந்தும் அப்படிக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் மகள் நந்தினியே கூப்பிட்டாள். அந்தப் பதிலை இன்னும் என்னால் அழிக்க முடியவில்லை.

நம் வேங்கிக்கால் வாசகர் வட்டத்துக்கு அவர் வந்து சேர்ந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம். கீழ்பென்னாத்தூர் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைக்கும் ஜைனக் குடும்பம். வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி, மெல்லிய குரல். அப்படிப்பட்டவர் முதல் கூட்டத்திலேயே, "நான் ஜாம்பி கதை ஒண்ணு எழுதறேன், மாசம் ஒரு அத்தியாயம் படிக்கட்டுமா?" என்று கேட்டார். செத்த பிறகும் நடமாடுவது, கடித்தவரையும் தன்னைப் போல் ஆக்குவது, அதுதான் ஜாம்பி என்று நமக்கெல்லாம் விளக்கினார். எங்கே பார்த்தீர்கள் என்று தாமோதரன் சார் கேட்டதற்கு, "முப்பது வருஷம் ஆபீஸ்ல பார்த்ததுதான் சார்" என்றார்.

கதை நடப்பது கிரிவலப் பாதையில். அடி அண்ணாமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கமலா, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஆறு பேரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். வெளியே ஜாம்பிகள் மலையைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. எனக்குக் கோபம் வந்தது. சாமி சுற்றும் பாதையில் பிணத்தை நடக்க விடலாமா என்று கேட்டேன். "நடக்கறவங்க எல்லாம் உயிரோடதான் நடக்கறாங்கன்னு உனக்கு யார் சொன்னா?" என்றார். அடுத்த பௌர்ணமிக்குச் சுற்றும்போது முன்னால் போனவர்களையெல்லாம் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு போனேன். என்னையும் சேர்த்துத்தான்.

நான் எட்டாவதோடு நின்றவள். மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த தாளையும் பிரித்துப் படித்துத்தான் படிக்கப் பழகினேன். படிப்பது எதையும் குறித்து வைக்காமல் விடமாட்டேன். இந்தக் கதைக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். பெயர், கடிபட்டது, மாறியது, கொல்லப்பட்டது என்று நான்கு கட்டம். ஐந்தாவது அத்தியாயம் முடிந்ததும் நோட்டைப் புரட்டியபோதுதான் எனக்கு உறுத்தியது. மாறியவர்கள் எல்லாரும் மனிதர்கள். பாதை முழுக்க நாயும் குரங்கும் மாடும் இருக்க, ஒன்றுகூட மாறவில்லை. மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு நாய் ஜாம்பியின் கெண்டைக்காலையே கவ்வுகிறது. நான்காவதில் அதே நாய் வாலை ஆட்டிக்கொண்டு பிஸ்கட் தின்கிறது. இதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

கூட்டத்தில் எழுந்து கேட்டேன். அக்கா தயாராகவே இருந்தார். "மனுஷனுக்கு ஆறு அறிவு. ஆறாவது போனாதான் ஜாம்பி. நாய்க்குப் போறதுக்கு என்ன இருக்கு?" நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நான் உட்காரவில்லை. "காளஹஸ்தியில சிலந்திக்கு முக்தி கெடைச்சிருக்குங்க. முக்தி அடையற அளவுக்கு அதுகிட்ட ஏதோ ஒண்ணு இருந்தா, இழக்கறதுக்கும் இருக்கும்தானே அக்கா?" என்றேன். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதம் சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. அதற்கடுத்த மாதமும் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் படம் எதையோ பார்த்து எழுதுகிறார், அதில் நாய் இல்லை, அதனால் இவருக்கும் தெரியவில்லை என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு, வேண்டுமென்றே விலங்குகளை விட்டுவிடுகிறாரோ என்று வேறு சந்தேகம் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்கே போனேன். அக்கா குழாயடியில் நின்று, குடிக்கிற தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். துணியில் தங்கிய பூச்சி எதுவும் சாகக் கூடாது என்று அதைத் தண்ணீரிலேயே அலசிவிட்டார். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்:

"சரி, மாடு மாறிடுச்சு. கமலா என்ன பண்ணுவா?"

"கடப்பாரையால அடிப்பா."

"அதான் ராஜி. எழுதற கை என்னுதுல்ல?"

"முப்பத்தோரு மனுஷங்களை அடிச்சிருக்கீங்க. நோட்டுல இருக்கு."

"அவங்க ஏற்கெனவே செத்தவங்க. ரெண்டாவது வாட்டி சாகறவங்களுக்கு நான் பொறுப்பு இல்ல."

அப்படியானால் கொசு என்று விடாமல் பிடித்தேன். ஜாம்பியைக் கடித்த கொசு கமலாவைக் கடிக்காதா? கடித்தால் ரெண்டாவது அத்தியாயத்திலேயே கதை முடிந்து, எனக்கு நோட்டு எழுதுகிற வேலை இல்லாமல் போகும் என்றார். எறும்பு? அதற்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "எறும்பு மாறினா எப்படிக் கண்டுபிடிப்ப? அது இப்பவே தலையைக் குனிஞ்சுக்கினு வரிசையில போய்ட்டுதான் இருக்கு."

ஆண்டு விழாவன்று பஜ்ஜி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா தன் பங்கை என் தட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். சூரியன் மறைந்த பிறகு சாப்பிட மாட்டார். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்துவிடும் என்ற கவலை. அறுபத்தோரு வயதுவரை அந்த வழக்கத்தை விட்டதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் போன பிறகு கதையைப் புத்தகமாக்கலாம் என்று நாம் முடிவு செய்தோம். கடைசி அத்தியாயம் என்று நந்தினி தாள்களை அனுப்பினாள். அக்கா எப்போதும் கையால் எழுதுவார். இதுவோ டைப் அடித்து வந்திருந்தது. அங்கேயே எனக்கு இடித்தது. தாமோதரன் சார் படித்தார். கமலா டார்ச் வெளிச்சத்தில் இட்லி சாப்பிடுகிறாள். வரிசையில் போன எறும்புகளில் ஒன்று நிற்கிறது, திரும்புகிறது, அவளை நோக்கித் தனியாக வருகிறது. நான் எழுந்து, "இது அக்கா எழுதினது இல்ல" என்றேன். படிப்பது அதோடு நின்றது.

அன்றே பழைய பதினேழு அத்தியாயங்களையும் எடுத்துப் பார்த்தேன். பசியில் சாகிற நிலையிலும் கமலாவோ மற்றவர்களோ ஒருவேளைகூடப் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட்டதில்லை. எறும்பு மாறினால் கண்டுபிடிக்கவே முடியாது என்று என்னிடமே சொன்னவர் அக்கா. இரண்டையும் உங்களிடம் சொல்லி, இது மகள் எழுதிச் சேர்த்தது, அக்கா பெயரில் வரக் கூடாது என்று அச்சுக்குப் போகவிடாமல் தடுத்தேன். உங்களில் சிலர் என்னோடு பேசுவதையே நிறுத்தினீர்கள்.

வீட்டைக் காலி செய்ய நந்தினி வந்தபோது போனேன். உட்காரச் சொல்லும் முன்பே, கடைசி அத்தியாயத்தை எழுதியது நீதானே என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"அம்மாவுக்கு ராத்திரி மாத்திரையை ஏதாவது சாப்பிட்ட பிறகுதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு ஆன்ட்டி. முதல் நாள் ரெண்டு இட்லி வெச்சேன். சுவத்தைப் பார்த்து திரும்பிப் படுத்துட்டாங்க. அழுதாங்க. அப்புறம் எழுந்து, கமலாவும் சாப்பிடட்டும், எனக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்னு சொல்லிட்டு சாப்பிட்டாங்க."

அக்காவுக்குக் கை நடுங்கியதால் எழுத முடியவில்லை. அம்மா சொல்லச் சொல்ல மகள் போனில் பதிவு செய்து, பிறகு டைப் அடித்திருக்கிறாள். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பதிவைக் கேட்கலாமா என்றேன். இன்று நினைத்தால் கூசுகிறது. நந்தினி போனை என் முன்னால் வைத்தாள்.

அக்காவின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. இட்லி, டார்ச், எறும்பு. எறும்பு திரும்பும் இடத்தில் நிறுத்தி, சிரித்து, இருமி, மகளிடம் சொல்கிறார்: "இதைப் படிச்சா ராஜி நம்ப மாட்டா. நோட்டைத் தூக்கிக்கினு வருவா பாரு. வந்தா, அந்தச் சிலந்தி நியாயம் சரிதான்னு சொல்லு."

நோட்டு என் மடியில் இருந்தது.

கூட்டத்தில் நான் படிக்கவிடாமல் தடுத்த கடைசி வரிகளையும் அவர் குரலிலேயே கேட்டேன். எறும்பு தட்டருகே வருகிறது. மாறிவிட்டது என்று கமலாவுக்குத் தெரிகிறது. உள்ளே இருப்பவர்கள் அடி, அடி என்கிறார்கள். கமலா கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைக்கிறாள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி, எறும்புக்கு வழி விடுகிறாள். அது ஷட்டருக்கு அடியில் நுழைந்து மலைப் பக்கம் போகிறது.

மாறினால் கொல்ல வேண்டும், அதனால் மாற்றமாட்டேன் என்றவர், மாறினாலும் கொல்லாமல் இருக்க வழி உண்டா என்று படுக்கையில் கிடந்து யோசித்திருக்கிறார். நானோ கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வந்ததும் கள்ளக் கையெழுத்து என்றேன். நந்தினியிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் இதன் மூலம் கேட்கிறேன். பதினெட்டாம் அத்தியாயம் அக்கா பெயரிலேயே அச்சுக்குப் போகட்டும்.

நந்தினி எனக்கு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தண்ணீர் வடிகட்டும் அந்த வெள்ளைத் துணியைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது எங்கள் குழாயில் அதுதான் கட்டியிருக்கிறது. அலசுவதும் அவர் அலசியபடிதான். நோட்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெயர்: எறும்பு, ஒன்று. மாறியது: ஆம். கொல்லப்பட்டது: இல்லை.