டேப் அக்கா ஒப்புக்கொண்டது

மருத்துவமனையின் ஸ்கேன் படங்களுக்கு நகல் எடுத்து வைப்பது டேப் அக்காவின் வேலை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் படங்கள் போய்விடக் கூடாது என்று, தினமும் எல்லாவற்றையும் காந்த நாடாவில் பதிந்து அலமாரியில் பூட்டிவிடுவாள். டீ தம்ளரோடு யாராவது அந்த அறைக்குள் நுழைந்தால் தொலைந்தார்கள்.

பத்து வருடமாக அவளை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. டேப்பில் பதியவும் படிக்கவும் இப்போதிருக்கும் டேப் டிரைவை வாங்கச் சொன்னவளே அவள்தான். வேகத்தைப் பார்த்து மயங்கிவிட்டாள். ஒரே ஒரு கம்பெனி செய்த வகை அது. நாலே வருடத்தில் கம்பெனி கடையைக் கட்டியது. அறுநூறு டேப்பும் இந்த ஒரு டிரைவை நம்பித்தான் இருந்தன. வேறு எதிலும் ஓடாது. அதைக் கைக்குழந்தை மாதிரி துடைத்துத் துடைத்து ஓட்டினாள். போன வாரம் அது மூன்று முறை டேப்பை வெளியே துப்பிய பிறகுதான் புதிது வாங்க நிர்வாகம் மனமிறங்கியது.

டிரைவ் விற்க வந்தவருக்கு வாய்க்குப் பஞ்சமில்லை. பழையதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இதை எந்தப் புத்திசாலி சார் வாங்கினது?"

தலைமை டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அவர் வந்தே இரண்டு வருடம்தான். அக்கா சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் வேலைக்குத் தானே வேட்டு வைத்துக்கொள்வானேன்? ஆனால் விற்க வந்தவர் காட்டிய புது டிரைவும் அவர் கம்பெனி மட்டுமே செய்வது. அதுவும் படுவேகம்.

"நான்தான் சார்," என்றாள். "வேகமா இருக்குன்னு வாங்கச் சொல்லிட்டேன். தப்புதான். அதான் கேக்கறேன், நாளைக்கு உங்க கம்பெனியும் மூடிட்டா இதைத் தூக்கிட்டு நான் யார்கிட்ட போறது?"

வந்தவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

நாலு கம்பெனிகள் செய்கிற, கொஞ்சம் மெதுவான வகை ஒன்றைச் சொன்னாள். பழைய டிரைவ் மூச்சை விடுவதற்குள் அறுநூறையும் அதற்கு மாற்றிவிட வேண்டும் என்றாள்.

"விக்க வந்தவங்க எல்லாரும் எது நல்லதுன்னுதான் சொன்னாங்க," என்றார் டாக்டர். "எது தப்பாப் போச்சுன்னு நீங்க ஒருத்தர்தாம்மா சொன்னீங்க. நீங்க சொல்றதையே வாங்கிடலாம்."

அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, எந்த டேப்பை முதலில் மாற்றுவது என்று பட்டியல் போட உட்கார்ந்தாள். பிறந்த குழந்தைகளின் இதயப் படங்கள் என்று முதல் வரியில் எழுதினாள். அவற்றை மறுபடி எடுக்க முடியாது, அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.