மூன்றாவது பட்டை

அந்த மூன்றாவது பட்டையைத் தைத்தவள் நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது பட்டாளத்தில் நாயக். சட்டைக் கையில் ஒரு பட்டை இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு இருந்தால் நாயக், மூன்று இருந்தால் ஹவில்தார். "லிஸ்ட்ல பேரு இருக்கு, மூணாவது சீக்கிரம் வந்துரும்" என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதாதா? காமயகவுண்டன்பட்டியில் என் தம்பிக்குக் கல்யாணம். பத்திரிகையில் என் அக்கா புருஷன் பெயரோடு தலைமையாசிரியர் என்று போடுகிறார்கள். நான் சும்மா இருப்பேனா? இவர் பெயருக்கு முன்னால் ஹவில்தார் என்று போடச் சொல்லிவிட்டேன்.

லீவில் வந்து அதைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? இன்னும் வரலையே."

"இன்னைக்கில்லாட்டி நாளைக்கு வரப்போறதுதான? ஊரெல்லாம் குடுத்தாச்சு. யூனிபார்ம்ல வாங்க" என்று அழுதேன். அழுது காரியம் சாதிப்பதில் நான் கெட்டிக்காரி. பழைய சட்டையிலிருந்து ஒரு பட்டையைப் பிரித்து, இரண்டுக்குக் கீழே வைத்துத் தைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை, ராயப்பன்பட்டிக்காரர் ஒருவருக்கு. ரிடையரான சுபேதார், ஹவில்தாருக்கும் மேல்பதவி. "ஹவில்தார் எப்ப ஆனீக தம்பி?" என்று பிரியமாகத்தான் கேட்டார். இவர் எழுந்து விறைப்பாக நின்றார். "நான் நாயக்தான் சார்."

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெரியவர் திட்டவில்லை. "வாங்காத பட்டையப் போடலாமா? சாப்பிட்டுட்டுக் கழட்டிருங்க" என்றார். இவர் சாப்பிடவில்லை. கைகழுவும் இடத்தில் நின்று பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தார். தைத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாவி, குழம்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு லீவில் வந்தால் தோட்டம், சாப்பாடு, தூக்கம். கேட்டதற்கு மட்டும் பதில். நிஜப்பட்டை வந்துவிட்டால் மனுஷன் பழையபடி பேசுவார் என்று நம்பினேன். அதற்காக வீரபாண்டி அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, வருஷம் தவறாமல் எடுத்தேன். ஒரு தடவை அவரும் லீவில் இருந்தார். என் கை கொப்பளித்ததற்கு அவரேதான் மருந்து போட்டுவிட்டார். அன்றும் "வந்துருச்சா?" என்று கேட்டேன். "கைய ஆட்டாத" என்றார்.

ரிடையராகி வந்ததும் பென்ஷனுக்கு இரண்டு பேர் பெயரிலும் கணக்குத் தொடங்கக் கம்பத்துக்குப் போனோம். பேங்கில் இருந்த பெண், டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "ஹவில்தார் வீட்டம்மாவா? இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

"நாயக்தாம்மா" என்றேன்.

"இல்லக்கா, ஹவில்தார்னுதான் இருக்கு. ஆகி ஆறு வருஷமாச்சே."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். "ஏங்க, எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"சொல்லத் தோணல" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெண் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.