மலர் அன்ரியின் போன்

லிப்டுக்குள் வைத்துத்தான் சொன்னார் ஒன்பதாம் மாடி அங்கிள். "மலர் அன்ரி போயிட்டா." "எங்கை?" என்று கேட்டுவிட்டு, சிரிக்கத் தயாராய், பகிடிக்காகக் காத்து நின்றேன். அவர் தரையையே பார்த்தார். "நித்திரையிலை, பிள்ளை. இதயம்." லிப்ட் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல மேலே போனது.

அஞ்சலிக்கு வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் அவ இந்த மாடிக் கட்டடத்தின் குடியிருப்பாளர் சங்கத் தலைவி. எனக்கோ என் குறும்புகளின் முதல் பலி. அவவின் பல்கனியில் நின்றால், கிழக்கே ஏரிக்கரையில் அணுமின் நிலையத்தின் வட்டக் கூரைகள் பனிமூட்டத்தில் மிதக்கும், கவிழ்த்து வைத்த சிரட்டைகள் போல. சின்ன அணு உலைகளை ஆராய மாகாணப் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தபோது, அந்தக் கூரைகளைப் பார்த்தபடிதான் தன் பேச்சைப் பழகினா.

"சின்ன உலையெண்டா எத்தினை பேருக்குச் சோறு, அன்ரி?"

"உலைவாயை மூடலாம், உன்ர வாயை மூடேலாது."

அவ உலையை எதிர்க்கவில்லை. "ஊரிலை கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கின்ர புகையிலை படிச்சனான். புகையில்லாத வெளிச்சம் ஆருக்கு வேண்டாம்? ஆனா உலை வைக்க முதல் பக்கத்திலை இருக்கிற சனத்தைக் கேக்கோணும்," என்பா. அந்த ஒரு வரி சட்டத்தில் ஏற வேண்டும். அவ்வளவுதான் அவவின் ஆசை.

சட்டமூலக் குழுவின் முன் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நாள் வந்த அதே வாரம், அங்கே ஊரில் போர் முடிந்தது. வன்னியில் இருந்த அவவின் தம்பியிடமிருந்து மாதக்கணக்காக ஒரு சத்தமும் இல்லை. மண்டபத்துக்குள் போன் கூடாது. வாசலில் அதை என் கையில் வைத்து, "அடிச்சா மட்டும் வா. பகிடி விட்டியோ, கொல்லுவன்," என்றா.

அவ பேசத் தொடங்கியதும் அது அடித்தது. தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல்: "அக்கா?"

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். நம்புவாவா என்று பயம். அவ என் முகத்தை ஒருதரம் பார்த்தா. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தா.

கதவோரம் "ஓம்... ஓம்... சாப்பிட்டனியே?" என்பது மட்டும் கேட்டது. பிறகு கண்ணைத் துடைக்காமலே மேசைக்குத் திரும்பிப் போய், "என்ர தம்பி முகாமிலை இருக்கிறான். எங்கை இருக்க விருப்பமெண்டு அவனை ஒருத்தரும் கேக்கேல்லை," என்று தமிழில் சொன்னா. அதையே ஆங்கிலத்திலும் சொன்னா. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரி.

வரி ஏறுமா என்று இன்னும் தெரியாது. தம்பி திரும்ப எடுப்பாரென்று, அவவின் போனை நான் வைத்திருக்கிறேன். நேற்று அடித்தது.

"அக்கா?"

சொன்னேன். அக்கா நித்திரையிலேயே போயிட்டா என்று.

"பகிடி விடாதை, பிள்ளை." அன்ரி என்னைப் பற்றி நல்லாய்த்தான் சொல்லியிருக்கிறா.

என் முகத்தை அவருக்குக் காட்ட முடியாது. இவ்வளவு பகிடிக்குப் பிறகும் என்னை நம்பிய அந்த ஒரு பார்வைதான் அவவிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னேன்.