நான் கேட்டு வாங்கிய கடிதம்

மாத்தளையில் பல்லேபொலப் பக்கம் போகிற பாதையில், மிளகுத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். ஆனால் டவுனில் இருப்பதைப் போலப் பெரியது அல்ல. டவுனில் வேண்டாம் என்று அனுப்பிய பிள்ளைகளும், இடையில் நின்றுபோய் மறுபடி வந்த பிள்ளைகளும்தான் மேல் வகுப்பில் இருப்பார்கள். நான் அங்கே பகல் சாப்பாடு சமைக்கிறேன். கல்வி அபிவிருத்திக் குழுவிலும் இருக்கிறேன். கூட்டத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி. அதில் வேறு யாரும் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவேன்.

யார் வீட்டுப் பிள்ளை என்று ரெஜிஸ்டர் பார்க்காமலே சொல்வேன். தட்டைப் பார்த்தால் தெரியும். முட்டை போடுகிற நாளில் பாதியைத் தாளில் சுற்றி வைத்தால் அது தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளை, வீட்டில் தம்பி தங்கை இருக்கிறது. நோன்பு மாதத்தில் பானைப் பக்கமே வராமல் வேலி ஓரமாகப் போய் நின்றால் முஸ்லிம் பிள்ளை. இரண்டாம் தரம் கேட்க வெட்கப்படாமல் தட்டை நீட்டினால் தாய் குவைத்திலோ சவுதியிலோ இருக்கிறாள் என்று அர்த்தம்.

நான் சொல்ல வந்த பிள்ளை இரண்டாம் தரம் கேட்டவள். தாய் குவைத்தில் இருந்த இரண்டு வருசமும் பள்ளிக்கூடம் வராமல் தம்பிகளைப் பார்த்தாள். தாய் திரும்பி வந்த பிறகு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பதினோராம் வகுப்பில் உட்கார்ந்தாள். காலையில் எனக்குத் தேங்காய் துருவித் தருவாள். துருவிக்கொண்டே சரித்திரப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லுவாள். தமிழும் சரித்திரமும் நன்றாக வரும். கணக்குத்தான் வராது.

பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல். பரீட்சையில் எங்கள் பள்ளிக்கூடத்து முடிவு எப்போதும் கடைசிதான். அதிபர் வலயக் கல்விக் கந்தோர்க் கூட்டத்துக்குப் போய் வந்தால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார். டவுனில் சாமான் வாங்கப் போனால் என்னையும் கேட்பார்கள்: “என்ன ஆச்சி, ஒங்க ஸ்கூல் இந்த வருசமும் அடியிலதானா?” நான் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்து பழகியவள். அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருசம் பரீட்சைக்குப் பெயர் அனுப்புகிற வாரம், அதிபர் சமையலறை வாசலுக்கு வந்தார்.

“ஆச்சி, ஒங்களுக்குத் தேங்கா துருவுற அந்தப் புள்ள இந்த வருசம் எடுத்தா கணக்குல பெயிலாகும். அடுத்த வருசம் எடுக்கட்டும். தாய்கிட்ட சம்மதம்னு ஒரு கடிதம் வாங்கணும். நான் போனா பயந்துருவாங்க. நீங்க போனா கேப்பாங்க.”

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது கடைசி வார்த்தைதான். நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போனேன்.

பிள்ளை வீட்டில் இல்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று மாத்தளை ஆஸ்பத்திரியில் கூட நின்றாள். தாய் வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பாயை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள். வந்த விசயத்தைச் சொன்னேன்.

“அடுத்த வருசமும் எடுக்கலாந்தானே ஆச்சி?”

“எடுக்கலாம். இப்ப என்ன அவசரம்?”

“அவ ராவும் பகலும் படிக்கிறா. நான் எப்பிடிச் சொல்றது?”

“சேர் சொல்லுவாரு. நீ ஒரு எழுத்து குடுத்தா போதும்.”

அவள் மிளகைத் துழாவிக்கொண்டே இருந்தாள். சம்மதிப்பதாகத் தெரியவில்லை. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

“என்னைப் பாரு. ரெண்டாம் வகுப்போட நிப்பாட்டிட்டாங்க. நான் என்ன கெட்டா போனேன்? அதிபரே என்கிட்ட வந்து நிக்கிறாரு.”

அவள் சிரித்தாள். “ஒங்களுக்கு என்னங்க ஆச்சி, நீங்க ராணி மாதிரி.” பிறகு பக்கத்து வீட்டில் ஒரு கடிதம் எழுதுவித்துக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு நானும் என் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினேன்.

என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திய அன்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதவள் நான். அதை அந்தத் தாய்க்குச் சொல்லவில்லை. ராணி மாதிரி எழுந்து வந்தேன்.

அந்தப் பிள்ளையிடம் அதிபர் சொல்வார் என்று நான் நினைத்தேன். தாய் சொல்லிவிட்டாள் என்று அதிபர் நினைத்தார். தாயோ எங்கள் இருவரையும் நம்பி வாயைத் திறக்கவில்லை. பிள்ளை வழக்கம் போலத் தேங்காய் துருவினாள், பாடம் சொன்னாள். மாதக் கணக்காக நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டேன். சொல்ல வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். கடைசியில் அவள் பாடம் சொல்லத் தொடங்கினால் தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே போனேன்.

அனுமதி அட்டை கொடுத்த அன்று அவள் நேரே சமையலறைக்கு வந்தாள்.

“ஆச்சி, எல்லாருக்கும் காட் வந்திருச்சி. எனக்கு மட்டும் இல்ல. சேர் ஏதோ அம்மாவக் கேளுங்கிறாரு.”

நான் பருப்புச் சட்டியைக் கிளறினேன். “பிந்தி வரும்டி” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை. அவள் நம்பினாள். இரண்டு நாள் தபால்காரர் வரும் நேரத்துக்குப் பள்ளிக்கூடக் கேற்றடியில் போய் நின்றாள். மூன்றாம் நாள் கடித விசயத்தைத் தாய் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை.

அந்த வருசம் முடிவு நன்றாக வந்தது. நாங்கள் கடைசி இல்லை. பரிசளிப்பு விழாவில் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். அந்தத் துணி தோளில் இருந்த நேரம் முழுக்க நான் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆச்சிக்கு அடக்கம் என்று யாரோ சொன்னார்கள்.

அந்தப் பிள்ளை நாவுலயில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டேன். போட்டோ கொப்பி அடிக்கிற கொமினிகேசன் கடையில் தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்குள் நுழைந்ததும் அவள்தான் முன்னுக்கு வந்தாள். “வாங்க, என்ன மாதிரி பாக்குறீங்க?” என்று கேட்டாள். முகம் தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்டாள்.

“சேல வாங்க வரல்ல புள்ள.” விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தேன். “வெள்ளிக்கிழமதான் கடைசி. நீ எழுதிக் குடு, நானே கொண்டுபோய்ப் போடுறேன்.”

அவள் அதை எடுத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தாள். எனக்கு அவ்வளவையும் வாசிக்க ஒரு நாள் வேண்டும்.

“பரீட்ச நாள்ல இங்க லீவு குடுக்க மாட்டாங்க ஆச்சி. வராம நின்னா வேற ஆள் போட்டுருவாங்க. தம்பி ரெண்டு பேரும் இப்ப டியூசன் போறானுங்க.”

“மொதலாளி எங்க? நான் பேசுறேன்.”

“வேணாங்க ஆச்சி.” அவள் குரலில் கோபமே இல்லை. “நீங்க எங்களுக்காகப் பேசினது போதும்.”

அடுத்த ஆள் உள்ளே வந்தார். அவள் விண்ணப்பத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “வாங்க, என்ன மாதிரி பாக்குறீங்க?” என்று அவரிடம் போனாள். கொஞ்ச நேரம் நின்றேன். அவள் அலுமாரித் தட்டிலிருந்து சேலைகளை எடுத்து ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை. முதலாளி வந்து, “அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.