பெரியவர் எடுத்து வைத்த சீஸ்

எனக்குப் புதூர்ப் பக்கம். செம்மறி மேய்க்கிறவன். மகள் இத்தாலியில் நர்ஸாக இருக்கிறாள். போன வருசம் என்னை வரவழைத்து, அப்ருட்சோ என்ற மலைநாட்டைச் சுற்றிக் காட்டினாள். வெளியாட்கள் அதிகம் போகாத இடம். கோட்டையும் திராட்சைத் தோட்டமும் பார்த்தோம்.

கடைசியில் அவளோடு வேலை பார்க்கிற பெண்ணின் அப்பா வீட்டில் விருந்து. அவரும் ஆடு மேய்க்கிறவர்தான். ஆட்டுப்பால் சீஸ் ஒன்றை மூடி மேசையில் வைத்துவிட்டு, ஒயின் எடுக்கக் கீழே போனார். என் மகள் அடுப்படியில் இருந்தாள்.

மூடியைத் திறந்தேன். உள்ளே புழு நெளிந்தது. ஆட்டுக் குளம்புப் புண்ணில் வைக்கிற மாதிரி வெள்ளைப் புழு. புழு வைத்தது அவருக்குத் தெரியாது, தெரிந்தால் கூசிப்போவார் என்று நினைத்தேன். வெளியே கிடந்த ஆட்டுப் புழுக்கைக் குவியலில் அதை எறிந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"யப்பா, சீஸ எங்க?" என்றாள் மகள்.

"ஏட்டி, அது புழுத்துக் கெடந்துச்சு. வெளிய புழுக்கைக் குவியல்ல தூக்கிப் போட்டுட்டேன்."

"என்ன காரியம் பண்ணிட்டிய? புழு வச்சாத்தான் அதுக்கு ருசியாம். நீங்க வாரியன்னு மாசக்கணக்கா எடுத்து வச்சிருந்தாவ. இனி அவிய மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ஒயினோடு வந்த பெரியவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் வெளியே போய் அதை எடுத்து வந்தார். அழுக்குப் பட்ட தோலைச் சீவினார். மிச்சத்தை ரொட்டியில் தடவி, முதலில் தான் தின்றார். பிறகு எனக்கு நீட்டினார். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாங்கித் தின்றேன். நாக்கில் நெளிந்தது. ஒயினை ஊற்றி விழுங்கினேன். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அந்தப் புழுவை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. அடுத்தவர் வீட்டுச் சாப்பாட்டை ஒரு வார்த்தை கேட்காமல் எறிந்த என் கையை நினைத்தால் சோறே இறங்குவதில்லை.